கடிதம் எழுதியது ஓரூர், படித்தது வேறூர்: மானநஷ்ட வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகும்?

"மானநஷ்ட வழக்குப் போடுவேன்" என்று மிரட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. எந்த நீதிமன்றத்தில் என்று கேட்டுப் பாருங்கள், பதில் ஆளுக்கொன்றாக வரும். "மானம் போனது எனக்கு, ஆகவே என் ஊரில்தான் வழக்கு" என்பார் ஒருவர். "கடிதத்தைத் தபாலில் சேர்த்த ஊரில்" என்பார் இன்னொருவர். "நேரே உயர் நீதிமன்றத்துக்கே போய்விடலாம்" என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். கடைசியில் ஏதோ ஒரு நீதிமன்றத்தில் வழக்கைப் போட்டு, "இது எங்கள் வரம்புக்குள் வராது" என்று அது திருப்பி அனுப்பிவிட்டால், கடிதம் எழுதியவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நான் எழுதியது உண்மை என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று ஊரெல்லாம் சொல்வார்.

முதல் மூன்று பதில்களும் சில வழக்குகளில் தற்செயலாகச் சரியாக அமைந்துவிடலாம். நான்காவது ஒருபோதும் சரியில்லை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம்தான்: அவதூறு என்ற தீங்கு எந்த இடத்தில் நிகழ்கிறது என்பது பலருக்குத் தெளிவாக இல்லை. அது தெளிந்துவிட்டால் சட்டப் பிரிவுகள் தாமாகவே புரியும்.

அதிகார வரம்பு என்பது எது

ஒரு வழக்கை எடுத்து விசாரிக்கவும் தீர்ப்புச் சொல்லவும் ஒரு நீதிமன்றத்துக்கு உள்ள தகுதியை அதிகார வரம்பு என்கிறோம். நீதிபதி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், வழக்கில் எவ்வளவு நியாயம் இருந்தாலும், இந்தத் தகுதி இல்லாவிட்டால் அவர் வழக்கின் உள்ளே போக மாட்டார்.

வரம்பு மூன்று வகையில் பார்க்கப்படுகிறது. வழக்கின் பொருள் அந்த நீதிமன்றம் விசாரிக்கக்கூடியதா என்பது ஒன்று. கேட்கும் இழப்பீட்டுத் தொகை அந்தப் படிநிலை நீதிமன்றத்துக்கு உரியதா என்பது இரண்டாவது. சம்பவத்துக்கோ எதிர்த்தரப்பினருக்கோ அந்த நீதிமன்றத்தின் நிலப்பரப்போடு தொடர்பு உண்டா என்பது மூன்றாவது.

பொருள் பற்றிய கேள்வியில் பெரும்பாலும் சிக்கல் வராது. இழப்பீடு கேட்கும் அவதூறு வழக்கு சாதாரண உரிமையியல் நீதிமன்றத்தின் வேலைதான். சில வேளை மட்டும் இடறும். அமெரிக்காவில், ஒரு மதச் சபைக்குள் சுற்றிய கடிதம் பற்றிய வழக்கில் தீர்ப்புச் சொல்ல அந்தச் சபையின் கோட்பாட்டையே அலசியாக வேண்டும் என்றால் நீதிமன்றங்கள் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். தொகை பற்றிய கேள்வி அதைவிட எளியது. இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஒரு வழக்கை விசாரிக்கத் தகுதியுள்ள நீதிமன்றங்களில் கடைசிப் படிநிலையில் உள்ளதில்தான் அதைத் தொடுக்க வேண்டும் என்கிறது. கோபம் பெரிது என்பதற்காக மேல்படிக்குத் தாவ முடியாது.

அடிதடியே மூன்றாவது கேள்வியில்தான்: இடம்.

கல்லை எறிந்த கரையும் காயம் பட்ட கரையும்

ஆற்றின் மேற்குக் கரையில் நின்று ஒருவன் கல் எறிகிறான். கிழக்குக் கரையில் நிற்கிறவர் மண்டை உடைகிறது. இரு கரையும் வெவ்வேறு நீதிமன்றங்களின் எல்லைக்குள் இருக்கின்றன. குற்றம் எங்கே நடந்தது? கை ஓங்கியது மேற்கே, இரத்தம் வந்தது கிழக்கே. கல் யார் மீதும் படாமல் மணலில் விழுந்திருந்தால் இழப்பீடு கேட்கவே இடமில்லை. ஆகவே இழப்பீட்டைப் பொறுத்தவரை கிழக்குக் கரைக்குத்தான் முதல் உரிமை என்று யாருக்கும் தோன்றும். எறிந்தவன் வீடு மேற்கே இருப்பதால், "அவனை அவன் ஊரிலேயே கேட்கிறேன்" என்று அங்கே போகவும் நியாயம் உண்டு.

அவதூறுக் கடிதமும் இவ்வளவு தூரம் இந்தக் கல்லைப் போன்றதுதான். இதற்கு மேல் ஒப்புமை உதவாது. அது கைவிடுகிற இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. கல் யாரை நோக்கி எறியப்பட்டதோ அவர் மீதே பட்டுக் காயப்படுத்துகிறது. அவதூறு அப்படியில்லை. அது யாரைப் பற்றியதோ அவரைத் தொடுவதே இல்லை. மற்றவர் மனத்தில் அவரைப் பற்றி இருக்கும் மதிப்பில் போய் விழுகிறது. காயம் பட்டது அந்த மூன்றாம் மனிதரின் மனத்தில். அந்த மனிதர் எங்கே உட்கார்ந்து கடிதத்தைப் படித்தாரோ அதுதான் தீங்கு நிகழ்ந்த இடம்.

சுருங்கச் சொன்னால், கடிதம் எழுதப்பட்ட இடமோ அவமானப்பட்டவர் வருந்திய இடமோ முதன்மையானதல்ல. வேறொருவர் அதைப் படித்து விளங்கிக்கொண்ட இடம்தான் கணக்கு.

யாரும் படிக்காத கடிதம் அவதூறாகாது

ஒருவரைப் பற்றிய இழிவான செய்தியை அவரல்லாத வேறு ஒருவருக்காவது தெரியப்படுத்துவதைச் சட்டம் வெளியீடு என்கிறது. அச்சடிக்க வேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு ஆள் படித்தாலும் போதும். ஆனால் அந்த ஒரு ஆள் வேண்டும்.

உறையை ஒட்டி, உங்கள் பெயருக்கு மட்டும் வந்த வசைக் கடிதத்தை நீங்கள் மட்டும் படித்தால் அது வெளியீடாகாது. அதை நீங்களே எடுத்துப் போய் நண்பர்களிடம் காட்டி, "பார், என்ன எழுதியிருக்கிறான்" என்றால் வெளியிட்டவர் நீங்கள்தான். மானநஷ்ட வழக்குகளில் இது அடிக்கடி நடக்கும் சறுக்கல். கடிதம் வாதியின் வீட்டுக்கு வந்தது, வாதியின் குடும்பம் கலங்கியது, ஆகவே வாதியின் ஊரில் வழக்கு என்று பிராது எழுதிவிடுவார்கள். வழக்கைத் தொடங்கி வைக்கும் மனுவைத்தான் பிராது என்கிறோம். அதைப் படிக்கும் நீதிபதி, எழுதியவர் அனுப்பி, வாதி அல்லாத யார் இந்த ஊரில் படித்தார் என்று தேடுவார். அந்தப் பெயர் அதில் இருக்காது.

உறையைப் பிரித்தது வேறு கை என்றால்? இங்கே வழக்கு வரலாறு சுவையானது. 1891இல் இங்கிலாந்தில், ஒரு வணிக நிறுவனத்தின் முகவரிக்கு வந்த கடிதத்தை வழக்கம்போல் அங்கிருந்த எழுத்தர் பிரித்துப் படித்தார். நிறுவனத் தபாலை எழுத்தர் பிரிப்பார் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி, அதை வெளியீடு என்றே நீதிமன்றம் கொண்டது. 1915இல் இன்னொரு வழக்கு. ஒட்டாத உறையில் வந்த கடிதத்தை வீட்டுப் பணியாளர் ஆவல் தாங்காமல் எடுத்துப் படித்துவிட்டார். அது அவர் வேலையல்ல, அதை அனுப்பியவர் எதிர்பார்க்கவும் முடியாது. ஆகவே வெளியீடு இல்லை. 1962இல் ஒரு பெண்மணிக்கு வந்த உறையைத் தேர்தல் துண்டறிக்கை என்று எண்ணிக் கணவர் பிரித்தார். அப்படி நடக்கும் என்பது இயல்பாக எதிர்பார்க்கக்கூடியதே என்று ஜூரிகள் முடிவு செய்ததை மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றவில்லை.

இந்தியாவில் 1958இல் பாட்னா உயர் நீதிமன்றத்துக்கு வந்தது இதைவிட நுட்பமான கேள்வி. கடிதம் உருதுவில் எழுதப்பட்டு வாதிக்கே அனுப்பப்பட்டிருந்தது. வாதிக்கு உருது தெரியாது. வேறொருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மூன்றாம் ஆள் படித்துவிட்டாரே, வெளியீடு ஆயிற்றல்லவா? வாதிக்கு அந்த எழுத்து தெரியாது, ஆகவே வேறொருவரிடம்தான் கொடுத்துப் படிப்பார் என்பது எழுதியவருக்குத் தெரியும் என்று நிரூபித்தால் ஒழிய, ஆகவில்லை என்றது நீதிமன்றம்.

இந்த நான்கு வழக்குகளும் வெளியீடு பற்றியவை, இடம் பற்றியவை அல்ல. ஆனால் வெளியீடு இல்லாத இடத்தில் தீங்கு இல்லை, தீங்கு இல்லாத இடத்தில் அந்த நீதிமன்றத்துக்கு அதன் பேரில் வரம்பும் இல்லை. அஞ்சலட்டையில் எழுதுகிறவர்கள் மட்டும் இந்தத் தற்காப்பையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். வழியில் யாரும் படிக்கலாம் என்பதால் திறந்த அட்டையை வெளியீடு என்றே நீதிமன்றங்கள் ஊகித்துக்கொள்ளும்.

கடிதத்தின் கடைசி மூன்று வரிகள்

சுற்றுக்கு விடப்பட்ட கடிதம் என்றால் என்ன ஆகும்? ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். ஒரு சங்கத்தின் செயலாளர் பொதுப் பணத்தைக் கையாடிவிட்டார் என்று ஓர் உறுப்பினர் இரண்டு பக்கத்துக்கு எழுதுகிறார். "பெறுநர்: தலைவர்" என்று மேலே போட்டிருக்கிறது. செயலாளர் கொதித்துப்போய் அந்த இரண்டு பக்கத்தையும் திரும்பத் திரும்பப் படிக்கிறார். ஆனால் எங்கே வழக்குப் போடலாம் என்று பார்க்கும் வழக்கறிஞரின் கண் போவது கையெழுத்துக்கும் கீழே:

"நகல்:
1. செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்
2. கிளைத் தலைவர்கள் அனைவருக்கும் – தங்கள் கிளை உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கும் பொருட்டு"

முதல் நகல் வரியைப் பாருங்கள். செயற்குழு உறுப்பினர்கள் பல ஊர்களில் வசிக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் ஊரில் உறையைப் பிரித்துப் படித்த நொடியில் அந்தந்த ஊரில் ஒரு வெளியீடு நடக்கிறது. கடிதம் ஒன்று, வெளியீடு பல. எழுதியவர் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதியிருந்தாலும், பல நீதிமன்றங்களின் எல்லைக்குள் தன்னைத் தானே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார்.

இரண்டாவது வரி இன்னும் ஆபத்தானது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் பரப்பினால் அதை மறுவெளியீடு என்கிறோம். பொதுவாக, பரப்பியவர்தான் அதற்குப் பொறுப்பு. ஆனால் பரப்பும்படி முதலில் எழுதியவரே கேட்டுக்கொண்டாலோ, பரவட்டும் என்ற எண்ணத்தோடு அனுப்பியிருந்தாலோ, பரவுவதுதான் இயல்பான விளைவு என்றாலோ, அவரும் பொறுப்பாளி. "தெரிவிக்கும் பொருட்டு" என்ற சொற்றொடர் அந்த வேலையைத்தான் செய்கிறது. கிளைத் தலைவர்கள் படியெடுத்துக் கொடுத்த ஊர்களும் இப்போது பட்டியலில் சேரக்கூடும்.

செயலாளர் குடியிருக்கும் ஊரில் ஒரு செயற்குழு உறுப்பினராவது இருந்து கடிதத்தைப் பெற்றிருந்தால், அவர் ஊர் நீதிமன்றத்துக்கும் வரம்பு உண்டு. அவர் அங்கே வசிக்கிறார் என்பது காரணமல்ல. அங்கே ஒருவர் படித்தார் என்பதுதான். தொடக்கத்தில் பார்த்த முதல் பதில் தற்செயலாகச் சரியாவது இப்படித்தான்.

செயலாளரின் ஆதரவாளர் ஒருவர் வேறு ஊரிலிருந்து நகலை வாங்கி வந்து, உள்ளூரில் விநியோகித்துவிட்டு, "இங்கேயும் வெளியானது" என்று வழக்குப் போட்டால்? அதை எழுதியவர் தலையில் கட்ட முடியாது. நீதிமன்றங்களுக்கு இந்த உத்தி பழைய சங்கதி.

இந்தியச் சட்டத்தின் ஒரு வரி

இவ்வளவையும் இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908 தன் 19ஆம் பிரிவில் அடக்கிவிடுகிறது. ஒரு நபருக்கோ அசையும் பொருளுக்கோ இழைத்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் வழக்கில், தீங்கு நிகழ்ந்தது ஒரு நீதிமன்ற எல்லையிலும் பிரதிவாதி வசிப்பதோ தொழில் செய்வதோ வேறு நீதிமன்ற எல்லையிலும் இருந்தால், இரண்டில் எங்கே வழக்குத் தொடுப்பது என்பது வாதியின் விருப்பம். வழக்குத் தொடுப்பவர் வாதி, யார் மீது தொடுக்கிறாரோ அவர் பிரதிவாதி.

பிரிவின் அடியில் சட்டமே இரண்டு உதாரணங்கள் தருகிறது. தில்லியில் வசிக்கும் ஒருவர் கல்கத்தாவில் இன்னொருவரை அடிக்கிறார். அடிபட்டவர் கல்கத்தாவிலோ தில்லியிலோ வழக்குத் தொடுக்கலாம். இரண்டாவது உதாரணம் நமக்கானது: தில்லியில் வசிக்கும் ஒருவர் கல்கத்தாவில் இன்னொருவரைப் பற்றி அவதூறு வெளியிடுகிறார், அதே இரண்டு ஊர்களில் எதிலும் வழக்குத் தொடுக்கலாம். அடியையும் அவதூறையும் அடுத்தடுத்து வைத்த அந்த வரைவாளரை மெச்சத்தான் வேண்டும். அவதூறுக்கு ஆளானவர் எங்கே வசிக்கிறார் என்று உதாரணத்தில் ஒரு சொல்கூட இல்லை. அது தேவைப்படவில்லை.

தபாலில் சேர்த்த ஊர் பற்றிய இரண்டாவது பதிலும் இங்கே தெளிகிறது. தபாலில் சேர்ப்பது வெளியீடாகாது. ஆனாலும் எழுதியவர் பெரும்பாலும் தான் வசிக்கும் ஊரில்தான் தபாலில் சேர்ப்பார். அந்த ஊர் நீதிமன்றத்துக்கு வரம்பு வருவது தபால் பெட்டியால் அல்ல, அவர் வீட்டால். வெளியூர் போன இடத்தில் தபாலில் சேர்த்திருந்தால் அந்த ஊருக்கு வழக்கில் வேலையே இல்லை.

ஆக, இந்தியாவில் உரிமையியல் வழக்குக்கு இரண்டு வாசல்கள்: பிரதிவாதி வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம் ஒன்று, மூன்றாம் ஆள் கடிதத்தைப் படித்த இடம் மற்றொன்று. முதலாவதை நிரூபிப்பது எளிது. இரண்டாவதற்குச் சாட்சி வேண்டும்.

குற்ற வழக்கு வேறு பாதை

அவதூறுக்கு இந்தியாவில் இழப்பீடு கேட்கவும் செய்யலாம், தண்டனை கேட்கவும் செய்யலாம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது செய்தித்தாள்களிலேயே நடக்கிறது. தண்டனை கேட்பது குற்றவியல் வழக்கு. முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவல், அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்; சமுதாயப் பணி என்பது புதிய சட்டம் சேர்த்த மாற்றுத் தண்டனை. அவதூறைக் குற்றமாக வைத்திருப்பது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. இலங்கை 2002இலேயே குற்றவியல் அவதூறை நீக்கிவிட்டது.

குற்ற வழக்கில் இடத்தின் கணக்கு சற்று விரிவானது. செயலும் அதன் விளைவும் சேர்ந்து குற்றமாகும்போது, செயல் நடந்த இடத்திலும் விசாரிக்கலாம், விளைவு ஏற்பட்ட இடத்திலும் விசாரிக்கலாம். குற்ற வழக்குகளின் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு இது. அதே வேளையில் தூரத்திலிருக்கும் ஒருவரை வேண்டுமென்றே அலைக்கழிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்பதற்காக ஒரு தடுப்பும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர், குற்ற வழக்கை எடுக்கும் நீதிபதியான நடுவரின் எல்லைக்கு வெளியே வசித்தால், சம்மன் அனுப்புவதற்கு முன் நடுவர் விசாரணை நடத்தியாக வேண்டும். இது 225ஆம் பிரிவு. பெயருக்கு நான்கு கேள்வி கேட்டு முடிக்கும் சடங்காக இது நடந்துவிடுவதும் உண்டு என்பதால், இந்த நிலையிலேயே மேல் நீதிமன்றங்களுக்குப் போகும் வழக்குகள் ஏராளம்.

நாட்டெல்லையைக் கடிதம் தாண்டும்போது

சுற்றறிக்கையாக அனுப்பிய கடிதம் பற்றி மிகப் பொருத்தமான பழைய வழக்கு பாட்டா எதிர் பாட்டா. 1948இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. கடிதம் எழுதப்பட்டது ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரில். படிகள் போய்ச் சேர்ந்தது லண்டனில். எழுதியவர் வெளிநாட்டில் இருந்தாலும் வெளியீடு லண்டனில் நடந்ததால், தீங்கு இங்கிலாந்தில் நிகழ்ந்ததே என்று நீதிமன்றம் கொண்டது. தில்லி–கல்கத்தா உதாரணமேதான், நடுவில் நாட்டெல்லை மட்டும் கூடுதல்.

அந்த எல்லை வந்துவிட்டால் புதிதாக ஒரு சங்கடம் முளைக்கிறது. பல நாடுகளில் படித்தார்கள் என்றால், வாதி தனக்குச் சாதகமான சட்டம் எங்கே இருக்கிறது என்று தேடிப்போய் அங்கே வழக்குப் போடலாமா? 1984 மார்ச் 20 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு அவதூறு வழக்குகளில் தீர்ப்புச் சொன்னது. ஒன்றில், ஃபுளோரிடாவில் எழுதிய கட்டுரைக்காக அதன் எழுத்தாளரையும் ஆசிரியரையும் கலிஃபோர்னியாவில் விசாரிக்கலாம் என்றது. கட்டுரை கலிஃபோர்னியாவில் வாழ்ந்து தொழில் செய்த ஒரு நடிகையைப் பற்றியது. அடி அங்கேதான் விழும் என்று தெரிந்தே எழுதினார்கள். மற்றொன்றில், நியூயார்க்கில் வசித்த வாதி நியூ ஹாம்ப்ஷயரில் வழக்குப் போட்டிருந்தார். காரணம் வெளிப்படை: மற்ற மாநிலங்களில் எல்லாம் காலக்கெடு முடிந்துவிட்டது, அங்கே மட்டும் ஆறு ஆண்டு இருந்தது. அந்த இதழ் மாதந்தோறும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகளை அங்கே தொடர்ந்து விற்றுவந்ததால், வழக்கு நிலைக்கும் என்றே நீதிமன்றம் சொன்னது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 1995இல் வேறு விதமாக ஒரு கோடு கிழித்தது. ஒரு பாரிஸ் நாளிதழ் ஓர் ஆங்கிலேயப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தது. பிரான்சில் விற்றவை 2,37,000க்கு மேல்; இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் ஏறத்தாழ 230; அவர் வாழ்ந்த யார்க்ஷயரில் வெறும் 5. அவர் இங்கிலாந்தில் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றத்தின் விடை: வெளியீட்டாளர் நிலைகொண்ட நாட்டில் தொடுத்தால் எல்லா நாட்டு இழப்பையும் சேர்த்துக் கேட்கலாம், பிரதி விநியோகமான வேறொரு நாட்டில் தொடுத்தால் அந்த நாட்டில் ஏற்பட்ட இழப்பை மட்டுமே கேட்கலாம். எனக்கு இது மிக நேர்மையான தீர்வாகத் தோன்றுகிறது. வாதிக்குக் கதவு மூடப்படவில்லை. திறந்த கதவின் அளவுக்கே இழப்பீடு.

ஆனால் எத்தனை குறைவான வாசகர்கள் போதும்? 2005இல் இங்கிலாந்தில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், அந்நாட்டில் குறிப்பிட்ட பக்கத்தைத் திறந்து பார்த்தவர்கள் ஐந்து பேர் என்று தெரிந்தது. அதில் மூவர் வாதியின் சொந்தத் தரப்பினர். வரம்பு இல்லை என்று சொல்லாமல், இப்படிப்பட்ட வழக்கை நடத்துவதே நீதிமன்றத்தைத் தவறாகப் பயன்படுத்துவது என்று சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை முடித்துவிட்டது. பிறகு 2013இல் இங்கிலாந்து தன் அவதூறுச் சட்டத்தையே திருத்தி, வெளிநாட்டில் நிலையாக வசிப்பவர் மீதான வழக்கை, இங்கிலாந்தே மிகப் பொருத்தமான இடம் என்று தெளிவாகத் தெரிந்தால்தான் ஏற்க வேண்டும் என்று கட்டிப்போட்டது. அதற்கு முன்பே, 2010இல், பேச்சுரிமைக்குத் தங்கள் நாட்டளவு பாதுகாப்புத் தராத வெளிநாட்டு அவதூறுத் தீர்ப்புகளை அமெரிக்க நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாது என்று அமெரிக்கா சட்டம் இயற்றியிருந்தது.

நாடு தாண்டிய கடிதத்துக்கும் அடிப்படை மாறவில்லை: படித்த இடமே தீங்கின் இடம். கூடுதலாகக் கேட்கப்படுவது, அங்கே படித்தது பொருட்படுத்தத் தக்க அளவா என்பதும், அங்கே கிடைக்கும் தீர்ப்பு பிரதிவாதியின் நாட்டில் செல்லுபடியாகுமா என்பதும்.

வரம்பு இல்லை என்றால் என்ன நடக்கும்

இந்தியாவில், இடம் தவறிப் போட்ட உரிமையியல் வழக்கின் பிராதை நீதிமன்றம் தள்ளுபடி செய்வதில்லை. உரிய நீதிமன்றத்தில் போடும்படி திருப்பிக் கொடுக்கிறது. கடிதத்தில் எழுதியது பொய்யா மெய்யா என்ற பேச்சே அதில் எழுவதில்லை. திரும்பி வந்த பிராதைக் காட்டி "வென்றுவிட்டேன்" என்கிறவர், ஆட்டம் தொடங்கவே இல்லை என்பதை மறைக்கிறார்.

பிரதிவாதிக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. இடம் தவறு என்ற ஆட்சேபத்தை முதல் நீதிமன்றத்திலேயே, முதல் வாய்ப்பிலேயே எழுப்ப வேண்டும். எதையெதை விசாரிப்பது என்று நீதிபதி எழுவினாக்களை வகுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். ஐந்து ஆண்டு வழக்காடித் தோற்றுவிட்டு, மேல்முறையீட்டில் போய் "அந்த நீதிமன்றத்துக்கு வரம்பே இல்லை" என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு அதைக் கேட்க விடாது. பொருள் பற்றிய வரம்பு இப்படியல்ல. அந்தக் குறை எந்தக் கட்டத்திலும் தீர்ப்பைச் சாய்த்துவிடும்.

வாதியைப் பயமுறுத்த வேண்டியது காலக்கெடு. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, எழுத்து வடிவ அவதூறுக்கு இழப்பீடு கேட்க, வெளியான நாளிலிருந்து ஓராண்டுதான். மானநஷ்டம் போன்ற பெரிய பேச்சுக்கு இவ்வளவு குறுகிய கெடுவா என்று பலர் வியக்கிறார்கள், பெரும்பாலும் அது முடிந்த பிறகு. தவறான நீதிமன்றத்தில் நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் செலவழித்த நாட்களை 14ஆம் பிரிவின்படி கழித்துக் கொடுப்பார்கள். நல்லெண்ணம் என்பதை நிரூபிக்க வேண்டியவர் வாதி. எதிராளியை அலைக்கழிக்க வேண்டும் என்றே தொலைதூர ஊரைத் தேர்ந்தெடுத்தவருக்கு அது கடினம்.

பிராதில் "வழக்கு மூலம்" என்று ஒரு பத்தி வரும். வழக்குத் தொடுக்கும் உரிமையைத் தந்த நிகழ்வுகள் எப்போது, எங்கே நடந்தன என்று சொல்லும் பத்தி அது. அவசரத்தில் எழுதிய பத்தி இப்படி இருக்கும்: "பிரதிவாதியின் அவதூறுக் கடிதம் வாதிக்குக் கிடைத்த நாளிலும், வாதி மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளான நாளிலும், வாதி வசிக்கும் இந்த நீதிமன்ற எல்லைக்குள் வழக்கு மூலம் எழுந்தது." இதில் வாதியைத் தவிர வேறு ஆளே இல்லை. பிரதிவாதியின் வழக்கறிஞர் எதிருரையின் முதல் பக்கத்திலேயே இதைப் பிடித்துக்கொள்வார்.

சரியாக எழுதிய பத்தியில் மூன்றாம் மனிதர் வருவார். பிரதிவாதி இன்ன தேதியில் அனுப்பிய கடிதத்தின் நகல், சங்கத்தின் செயற்குழு உறுப்பினரான இன்னாருக்கு, இந்த நீதிமன்ற எல்லைக்குட்பட்ட இன்ன முகவரியில், இன்ன தேதியில் கிடைத்து, அவர் அதைப் படித்தார் என்று இருக்கும். கூடவே அவருக்கு வந்த உறை, அதன் மேல் தபால் முத்திரை, ஒப்புகை அட்டை இருந்தால் அதுவும் ஆவணமாக இணைக்கப்பட்டிருக்கும். உறையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கடிதத்தை மட்டும் பத்திரப்படுத்துகிறவர்கள்தான் அதிகம். தேதியும் ஊரும் இருப்பதோ உறையில். அதைவிடக் கிடைக்க அரிதானது, கூண்டில் ஏறி "ஆம், இந்த ஊரில்தான் படித்தேன், படித்த பிறகு இவரைப் பற்றிய என் எண்ணம் மாறியது" என்று வாதியின் முகத்துக்கு நேரே சொல்ல முன்வரும் அந்த உறுப்பினர்.